மீன்தொட்டியில் போட்ட படிகாரம்

இது நடந்தது 2010-இல், கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கிற சமயம், சிதம்பரத்தில். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்த எனக்கு முப்பத்து நான்கு வயதில்தான் கல்யாணம் ஆனது. என் கணவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. கல்யாணம் முடிந்த நாற்பதாவது நாள் அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். மழை ஈரம் காயாத அந்த வாடகை வீட்டில் நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைத் துடைக்கிறேன் என்று நிறுத்திவிட்டவள் நான். "இவ கையக் கட்டிப் போட்டாத்தான் வீடு உருப்படும்" என்று எங்கள் வீட்டில் கிண்டல் செய்வார்கள். சிதம்பரம் வந்த புதிதிலும் அப்படித்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரெல்லாம் பென்சில் கிறுக்கல். சோப்பு போட்டுத் தேய்தேயென்று தேய்த்துச் சுத்தமாக எடுத்துவிட்டேன். அது கிறுக்கல் இல்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குழந்தையை நிற்கவைத்து அவள் அம்மா போட்ட உயரக் கோடுகள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். கடலூரில் இருக்கும் அவள் பெரியம்மா, அம்மாவின் அக்கா, அரைப்பரீட்சை லீவுக்கு வந்து அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. லீவுக்கு மட்டுமா, ஒரேயடியாகவா என்பதைக் குழந்தையே சொல்லட்டும் என்று என் கணவரும் அவரும் போனில் பேசி வைத்திருந்தார்கள். அந்த அம்மாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் குழந்தை என்ன சொல்லுவாள் என்று நினைத்தாலே எழுந்துபோய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது வண்ண மீன் கடை முன்னால் அவள் நின்றுவிட்டாள். என் புடவைத் தலைப்பை லேசாக இழுத்து, "மீனு" என்றாள். அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள். ஒரு கண்ணாடித் தொட்டி, கலர் கல், குமிழி விடுகிற சின்ன மோட்டார், இரண்டு தங்கமீன், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஜன்னலோரம் தொட்டியை வைத்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் லேசாக மங்கியது. நாலாம் நாள் காலை கஞ்சித் தண்ணீர் போலாகிவிட்டது. நான் விடுவேனா? மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் பால். குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது கண்ணாடியில் மூக்கை வைத்து மீனைத் தேடிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். சுவரைப் பார்த்த அதே பார்வை.

நான் வளர்ந்த தெருவில் மழைக்காலத்தில் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும். அம்மா ஒரு படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் விட்டு நாலு சுற்று சுற்றுவாள். கொஞ்ச நேரத்தில் அழுக்கெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிங்காக நிற்கும். அந்த ஞாபகத்தில் மளிகைக் கடைக்குப் போய்ப் படிகாரம் வாங்கி வந்தேன். நாலு சுற்று போதாது என்று நாற்பது சுற்று சுற்றினேன்.

சாயந்திரம் தொட்டி அப்படியே தெளிந்திருந்தது. பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்த குழந்தை, "ஐ!" என்று சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. இன்னொன்று மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது.

தூக்குவாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, இரண்டையும் அதில் போட்டு, குழந்தையையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்கு ஓடினேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தவர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்னாக்கா போட்டீங்க?"

ஒன்றும் போடவில்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிகாரம் போட்டேன். தெரியாம பண்ணிட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னவோ, வாய் தானாகப் பேசியது. "அன்னிக்கு அந்த சுவத்துலயும் தெரியாமத்தான் பண்ணிட்டேன், பாப்பா." கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

சாய்ந்திருந்த மீன் அவர் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. மற்றதை அவர் தன் தொட்டி ஒன்றில் விட்டார். "இது ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். தொட்டியக் கழுவி புதுத் தண்ணி ஊத்தி மோட்டார ஓட விடுங்க. அப்பறமும் பால் மாதிரி ஆவும், பயந்துடாதீங்க. புதுத் தொட்டின்னா அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க உள்ள சண்ட போட்டு ஒரு நெலைக்கு வரணும். நீங்க மொத்தமா மாத்தினா அதுங்க மறுபடி மொதல்லேந்து ஆரம்பிக்கும். தீனி ஜாஸ்தி போடாதீங்க. தண்ணில கை வெக்காதீங்க." சொல்லிவிட்டு, தன் பழைய தொட்டியிலிருந்து பாசி பிடித்த கல் ஒரு பிடி அள்ளி, கவரில் போட்டுக் குழந்தை கையில் கொடுத்தார். "இது பழகின கல்லு. கழுவாம போடு பாப்பா." கழுவாம என்று சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, பிழைத்த மீன் வீட்டுக்கு வந்தது. அவர் சொன்னபடியே நாலு நாளில் தொட்டி பால் நிறமானது. அதன் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏதோ தூக்கத்தில் கண்டது போலத்தான் இருக்கிறது. வெளியே விடாத தூறல். பரீட்சைக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். மத்தியானத்தில் இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் பாயில் உட்காருவோம். மோட்டார் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைக்குள்ளிருந்து ஆரஞ்சாக ஒன்று மெல்லத் துலங்கும், கண்ணாடி வரை வந்து எங்களைப் பார்க்கும், திரும்பி மறைந்துவிடும். அது மறுபடி வருகிறவரை இரண்டு பேருமே மூச்சுவிட மாட்டோம். சில சமயம் அப்படியே கண் சொக்கிவிடும். விழித்தால் மழையும் அதே சத்தம், தொட்டியும் அதே சத்தம். எவ்வளவு நேரம் போயிற்று என்றே தெரியாது.

என் கை மட்டும் துறுதுறுத்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு சொம்பு மாற்றினால் என்ன என்று தோன்றும். கை தொட்டிப் பக்கம் நீளும்போது குழந்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். முதல் நாள் பேசாமல் பிடித்தாள். இரண்டாம் நாள், "வேணாம்" என்றாள். மூன்றாம் நாள் கடைக்காரர் மாதிரியே குரலை மாற்றி, "கை வெக்காதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

ஆனாலும் தண்ணீர் தெளியவில்லை. தெளிவதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். குழந்தையின் துணிகளை நானே மடித்துப் பையில் வைத்திருந்தேன். ஸ்வெட்டரை வைக்கும்போது கண் கலங்கிவிட்டது, மறைத்துக்கொண்டேன். காபி குடித்து முடித்த பெரியம்மா அவளை மடியில் இழுத்து வைத்து, "கண்ணு, எங்க கூடவே வந்துடறியா? அங்கயே ஸ்கூல்ல சேத்துடலாம். இல்ல, லீவு முடிஞ்சி இங்கயே வந்துடறியா?" என்று கேட்டார். நல்ல மனுஷி, வற்புறுத்தவில்லை. நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் அந்த வெறும் சுவர்.

குழந்தை மடியிலிருந்து இறங்கித் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு சொன்னாள்: "லீவுக்கே வரல பெரிம்மா. தண்ணி இன்னும் தெளியல. நான் இல்லன்னா இவுங்க எதனா போட்டுடுவாங்க."

பெரியம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், படிகாரத்தையும் சுவரையும் சேர்த்து. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். சாயந்திர பஸ்ஸில் தனியாகத்தான் திரும்பிப் போனார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை குழந்தை என்னை உலுக்கி எழுப்பினாள். மழை விட்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, மீன் வெறும் காற்றில் மிதப்பது போலிருந்தது. அடியில் கலர் கற்களுக்கு நடுவே அந்தப் பாசிக் கற்களும் தெரிந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம்.

சுவரில் நான் அழித்த கோடுகளை யாராலும் திருப்பிப் போட முடியாது. அந்த வருத்தம் எனக்கு ஆயுசுக்கும் உண்டு. என்னை நம்பாததால்தான் அவள் அந்த வீட்டில் தங்கினாள், அதைவிடப் பெரிய பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. இப்போதும் எதையாவது அவசரமாகச் சரிசெய்ய என் கை நீளும்போது அந்தச் சின்ன விரல்கள் மணிக்கட்டைப் பிடிப்பது போலிருக்கும், நானும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.