ஆடியில் கைவிடப்பட்டவர்கள்

ஆடி முடியப் போகிற நேரம். காலையில் கம்ப்யூட்டரைக்கூடத் திறக்கவில்லை, ஆபீஸ் போன் அடித்தது.

"ஏன் தாயி, நாங்க என்ன தப்பு பண்ணுனோம்?"

மேலப்பாளையத்து வாடிக்கையாளர். மாடியில் ஒரு அறை கட்ட எங்களிடம் எஸ்டிமேட் வாங்கியிருப்பவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தன் செல்போனுக்கு வந்த மெசேஜை அவரே வாசித்துக் காட்டினார்.

"தங்கள் பணி கைவிடப்பட்டதாகப் பதிவு செய்துள்ளோம். தாங்கள் தேர்ந்தெடுத்துள்ள வேறு நிறுவனத்தின் மூலம் தங்கள் இல்லம் சிறப்பாக அமைய வாழ்த்துகள்!"

கீழே எங்கள் நிறுவனத்தின் பெயர்!

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். ஆனால் போன் மணி அடித்தால் வேறு யாராவது எடுக்க மாட்டார்களா என்று பார்ப்பேன். பாளையங்கோட்டையில், வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன கான்ட்ராக்டர் ஆபீஸில் வேலை. முதலாளி புது சாஃப்ட்வேர் வாங்கியபோது அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். யாருக்கும் போன் பண்ண வேண்டாம், மெசேஜ் எல்லாம் அதுவே அனுப்பிவிடும் என்றார்களே!

அதுவரை எங்கள் திட்டமிடல் எல்லாம் முதலாளியின் தலைக்குள் இருந்தது. இப்போது யாராவது வீடு கட்ட விசாரித்தால், அது 'உத்தேசப் பணி' என்று சாஃப்ட்வேரில் ஏறும். அதன் கீழே வேலைகள் – இடம் பார்ப்பது, அளவு எடுப்பது, பிளான் வரைவது, எஸ்டிமேட் கொடுப்பது, கடைசியாக வாடிக்கையாளரின் சம்மதம் வாங்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. எல்லாம் முடிந்து திரையில் பச்சையானால்தான் உத்தேசம் நிஜமான வேலை ஆகும்.

"ஒரு மாசமா அசையாத உத்தேசத்தை எல்லாம் தானா மூடிடலாமா சார்?" – சாஃப்ட்வேரைப் போட வந்த சென்னைத் தம்பி கேட்டார்.

"மூடிருங்க. குப்பை சேரக் கூடாது" என்றார் முதலாளி.

அப்போது சித்திரை. சித்திரையில் யாருக்கு ஆடி ஞாபகம் வரும்?

எங்கள் தொழிலில் ஆடி என்றால் என்ன தெரியுமா? யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சம்மதம் சொல்வதும் ஒரு ஆரம்பம்தானே? அதனால் எஸ்டிமேட்டை எல்லாம் ஆனிக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். ஆடி முழுக்க இரண்டு பக்கமும் மௌனம். ஆவணி பிறந்ததும் "சரி, ஆரம்பிங்க" என்று வரிசையாக வருவார்கள்.

இதில் மத பேதமே கிடையாது. "எங்களுக்கு ஆடி ஏது தாயி? கொத்தனாருக்கு இருக்கே!" என்பார் அந்த மேலப்பாளையத்து பாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், "இதுலல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா ஆவணியிலயே ஆரம்பிச்சிருங்க" என்று மெதுவான குரலில் சொல்வார்.

சாஃப்ட்வேர் பார்த்தது. ஒரு மாதமாக ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரையும் ஒரே காலையில் கைவிட்டு, வாழ்த்தும் சொல்லிவிட்டது.

சென்னைத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஆடியா? அதுல தள்ளுபடிதானே மேடம் போடுவாங்க? வேணும்னா ஒரு மாசத்தையும் ஹாலிடேன்னு போட்டுடறேன். உங்க ஆபீஸ் லீவுதானே?"

"லீவு இல்ல தம்பி. ஆபீஸ் உண்டு, வேலையும் உண்டு. ஆரம்பம்தான் கிடையாது."



மெசேஜ் போனவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் அன்றைக்கே கூப்பிட்டுத் திட்டிவிட்டார்கள். திட்டியவர்களைப் பற்றிக் கவலை இல்லை. திட்டாத அந்த ஒருவர் – ஏரல் அண்ணாச்சி. பாத்திரக்கடை வைத்திருப்பவர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் புது வீடு கட்ட வேண்டும் என்று வந்தவர். அந்த வருஷத்திலேயே எங்களுக்குப் பெரிய வேலை அதுதான்.

மறுநாளும் ஏரலில் இருந்து சத்தம் இல்லை. கொத்தனார் சேர்மக்கனி வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"எக்கா, மகள காலேஜ்ல சேத்துட்டு அந்த வீட்ட நம்பி ஒரு மாசமா சும்மா இருக்கேன். என்கூட இன்னும் ஆறு பேரு இருக்கானுவ. அது போச்சுன்னா கேரளாவுக்குத்தான் பஸ் ஏறணும்."

"முதலாளிகிட்ட சொல்லுங்களேன்" என்றேன்.

உள்ளே இருந்து முதலாளி குரல் வந்தது. "நீயே பேசு செல்வி. எஸ்டிமேட் குடுக்கும்போதே எனக்கும் அவருக்கும் வாய்த் தகராறு. நான் பேசுனா இன்னும் கெட்டுப் போகும்."

நம்பரை அழுத்தினேன். எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி... பாளையங்கோட்டையில இருந்து செல்வி பேசுதேன்..."

"என்ன, வாழ்த்து சொல்லக் கூப்பிட்டியளோ?"

"இல்ல அண்ணாச்சி... அது... மிஷினு..."

"உங்க முதலாளி வாயால சொல்ல வெக்கப்பட்டு மிஷின விட்டுச் சொல்லுதாராக்கும்! கொஞ்சம் கொறைங்கன்னு கேட்டேன். கேக்கக் கூடாதா? பேரம் பேசுனா வேலையே வேண்டாம்னு அர்த்தமா?"

சேர்மக்கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்ததோ...

"அதுக்கு ஆடி தெரியாது அண்ணாச்சி. ஒரு மாசமா நீங்க பேசலன்ன உடனே, வேற ஆளப் பாத்துட்டியள்னு நெனச்சிட்டு."

அடுக்களைப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்.

"எந்த ஊரு மிஷினு?"

"மெட்ராஸ் அண்ணாச்சி."

"அங்கன ஆடி கெடையாதோ?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நேத்துல இருந்து எங்க வீட்டுக்காரி என்கிட்ட பேசல தாயி. 'பேரம் பேசிப் பேசியே வீட்டக் கெடுத்துட்டிய'ங்கா. கொறைக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆவணி மொத வெள்ளி ஆள அனுப்புங்க. இத அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க, இந்தா குடுக்கேன்..."

அவரிடம் பேசியது இரண்டு நிமிஷம். அந்தம்மாவிடம் அரை மணி நேரம்.

போனை வைத்துப் பார்த்தால் எதிரே நாற்காலி காலி. சேர்மக்கனி தன் ஆட்களுக்குச் சேதி சொல்லப் போய்விட்டார்.

நம் ஊரில் யார் சட்டென்று சரி என்கிறார்கள்? யார் வேண்டாம் என்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் 'பாப்போம்'தான். சாஃப்ட்வேரில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ஆனால் 'உனக்கு இல்லை' என்று ஒருவர் முந்திக்கொண்டு சொல்லட்டும்... அப்போதுதான் நமக்கு அது கட்டாயம் வேண்டும் என்பதே தெரிகிறது!

முதலாளிக்கு மெசேஜின் மேல் திடீர்ப் பிரியம் வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா பாப்போம் பாப்போம்னு இழுக்காரே, அந்தப் பேட்டைக்காரருக்கும் ஒண்ணு தட்டிவிடு. ஓடி வருவாரு பாரு."

தட்டிவிட்டேன். பதில் உடனே வந்தது.

"வாழ்த்துக்கு மிக்க நன்றி. ஆவணி முதல் புதன்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். முதலாளியையும் அவசியம் கூட்டி வரவும்."

போனோம். சாப்பாடு பிரமாதம். மாடிப்படிதான் கொஞ்சம் செங்குத்து.