ஓலை நகரத்தின் துக்கமணி

முள்ளிக்குளத்தில் என்னை இன்றைக்கும் வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தப் பட்டம் எனக்குச் சும்மா கிடைத்ததல்ல.

முத்துக்குளிப்பு நடக்கிற வருடங்களில், சிலாவத்துறையின் வெறும் மணலில் இரண்டு கிழமைக்குள் ஒரு நகரம் எழும்பிவிடும். தெருத்தெருவாக ஓலைக் கடைகள். பட்டு, அத்தர், அல்வா, கண்ணாடி விளக்கு. அப்பம் சுட்டு விற்கப் போன நான், முதல் நாள் மா பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மோட்சம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். காற்றுத் திரும்பியதும் மோட்சம் நாறியது. வேலிக்கு அந்தப் பக்கம் சிப்பிகளைக் குவித்து அழுக விட்டிருந்தார்கள். சதை புழுத்தால்தான் முத்தைக் கழுவி எடுக்கலாம். அத்தர்க் கடைகள் ஏன் இத்தனை என்று அப்போது விளங்கியது.

என் அண்ணன் அங்கே முத்துக் குளித்தவர். ஒருநாள் விடியலில் வாந்திபேதி கண்டது, மத்தியானத்துக்குள் போய்விட்டார். நான் அழுது முடிக்குமுன்னரே, முத்துக்குளிப்பை நடத்துகிற அரசாங்கக் கந்தோர்க் கிளாக்கர் ஒருவர், பாயோடு நான்கு ஆட்களைக் கூட்டிவந்தார்.

"சத்தம் போடாதை, பிள்ளை. காய்ச்சல் எண்டு சொல்லு. வாந்திபேதி எண்டு தெரிஞ்சால் குளிகாரர் எல்லாம் ஓடிப் போடுவினம்."

அந்த நால்வரில் பாயை விரித்தவர் என் காதோடு சொன்னார்: "இந்தக் கிழமை இவர் ஏழாவது ஆள், தங்கச்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே கத்தோலிக்கரான எங்களுக்கென்று ஓர் ஓலைக் கோயில் கட்டியிருந்தார்கள். நேரே போய்த் துக்கமணியின் கயிற்றைப் பிடித்தேன். ஒரு சாவுக்கு ஒரு தரம் அடித்து நிறுத்துவது எங்கள் வழக்கம். நான் அடித்து, நிறுத்தி, ஏழு தரம் அடித்தேன். தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்த நேரம். எங்கள் ஆட்கள் எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் ஓடிவந்து கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னேன்.

அண்ணனை ஒளித்துப் புதைக்கக் கந்தோர்க்காரரால் முடியவில்லை. பக்கத்து முசலி ஊர் முஸ்லிம் தோணிக்காரரும் வந்து பிடி மண் போட்டார்கள். மறுநாள் தோணிகள் ஊர்களுக்குத் திரும்பின. அத்தனை பேரும் உயிரோடு போகிறார்கள் என்ற பெருமையில் எனக்கு அழுகையும் வந்தது.

வெறிச்சோடிய தெருவில் கிளாக்கர் என்னை மறித்தார்.

"செத்தது உன்ர கொண்ணன் ஒருத்தன். ஏன் ஏழு தரம் அடிச்சனீ?"

"மற்ற ஆறு பேருக்கும் நீங்கள் அடிச்சிருந்தால், நான் ஒரு தரத்தோடை நிப்பாட்டியிருப்பன், ஐயா."