பரிசு வாங்கிய தகரப் பெட்டி

என் கணவருக்கு என் மேல் உள்ள நிரந்தரப் புகார்களில் ஒன்று, எங்கள் வீட்டில் மருந்துச் சாமான்களுக்கு ஓர் ஒழுங்கான பெட்டி இல்லை என்பது. பஞ்சு ஜன்னலோரம் கிடக்கும். பிளாஸ்டர் மகனின் பென்சில் டப்பாவில் இருக்கும். சுட்ட காயத்துக்குப் பூசும் களிம்பு, அடுப்புக்குப் பக்கத்தில், உப்புப் போத்தலோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். இரண்டு தடவை அவர் கினிகத்தேனைக் கடையிலிருந்து மூடி போட்ட வெள்ளைப் பெட்டி வாங்கி வந்தார். ஒன்றில் இப்போது பொத்தான்களும் ஊசியும் இருக்கின்றன, மற்றதில் பூண்டு. மூடியிருக்கும் பெட்டி எனக்குச் சரிவராது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் சொன்னதில்லை. சொன்னால் என்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் நல்ல அபிப்பிராயம் கொஞ்சம் குறையும், அப்படிக் குறைக்கிற அளவுக்கு அது கையிருப்பில் இல்லை.

அது நடந்தபோது எனக்குப் பத்து வயது. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காம்பரா என்கிற பத்துச் சின்ன வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டியிருந்த லயத்தில் இருந்தோம். பத்துக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர்கள் கூரை வரைக்கும் போகாமல் பாதியிலேயே நின்றுவிட்டவை. அதனால் முதல் காம்பராவில் கருவாடு பொரித்தால் பத்தாம் காம்பராக்காரருக்கும் பசியெடுக்கும், யார் வீட்டில் யார் திட்டு வாங்கினாலும் எல்லோரும் சேர்ந்து வாங்கிய மாதிரி இருக்கும். இடைஞ்சல்களுக்கு எங்கள் லயம் தயாராகத்தான் இருந்தது. காற்றுக்குத் தகரம் பறக்காமல் கூரை மேல் பழைய டயர்களும் கல்லும் வைத்திருந்தோம். எந்த இடத்தில் ஒழுகும் என்று தெரிந்து அந்தந்த இடத்தில் சட்டியும் வாளியும் நிரந்தரமாகவே இருந்தன. மற்ற எதற்கும் பக்கத்துக் காம்பராவுக்கு ஓடுவோம். ஒரு வீட்டில் மெழுகுதிரி, ஒரு வீட்டில் மாத்திரை, ஒரு வீட்டில் டோர்ச் லைட்டு.

இந்த ஓட்டம்தான் எங்கள் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், எதையும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பதில் பிரியமுள்ளவர். "வீட்டில ஒரு ஆபத்து எண்டா அங்கயும் இங்கயும் ஓடித் திரியாம, கையை நீட்டினா எடுக்கிற மாதிரி எல்லாம் ஒரு பெட்டியில இருக்கவேணும்" என்றார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டி தயாரிக்க வேண்டும். திங்கட்கிழமை கண்காட்சி, கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து பார்ப்பார், முதல் பரிசு ஒரு குடை.

குடை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை நான் மழைக்கு உரப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன்.

ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்தேன். நிரப்புவதற்கு லயம் முழுவதும் போனேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி என்று டீச்சர் சொன்னதை, பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு பெட்டியாக நான் செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் காம்பராப் பெரியம்மா பஞ்சு கொடுத்தார். கடைசிக் காம்பராத் தாத்தா டோர்ச் லைட்டைக் கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளையை அனுப்புகிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, கொதிநீரில் போட்டு எடுத்து, இஸ்திரி போட்டு மடித்துத் தந்தாள்.

எல்லாவற்றிலும் மதிப்பான பொருளைத் தந்தது அத்தை. அப்பாவின் தங்கை, பக்கத்துக் காம்பராவில் இருந்தவள். கல்யாணமாகிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். ஒரு சமயம் கையில் சுடுதண்ணீர் பட்டதற்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அவளுக்கு இரண்டு களிம்புக் குழாய் கொடுத்திருந்தார்கள். ஒன்றைப் பூசி முடிப்பதற்குள் கை ஆறிவிட்டது. மற்றது பிரிக்காத அட்டைப் பெட்டியோடு அப்படியே இருந்தது. அதைத்தான் தந்தாள். அந்த அட்டைப் பெட்டியை டின்னின் நடுவில் எழுத்துத் தெரிகிற மாதிரி நிறுத்தியபோது, குடை கிட்டத்தட்ட என் கைக்கு வந்துவிட்டது. வகுப்பில் வேறு யாரிடமும் பிரிக்காத மருந்து கிடையாது.

அத்தையிடம் அப்போது பயன்படுத்தாத புதுப் பொருள் இன்னொன்றும் இருந்தது, ஒரு ஜோடி செருப்பு. சித்திரை வருஷப்பிறப்புக்கு மாமா வரும்போது நுவரெலியாவுக்கு அழைத்துப் போய்ப் பூந்தோட்டம் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருந்தும் அவள் நுவரெலியா பார்த்ததில்லை. செருப்பை எடுத்துப் பார்ப்பாள், மறுபடியும் காகிதத்தில் சுற்றி வைப்பாள்.

கண்காட்சியில் சொல்வதற்கு டீச்சர் எழுதிக்கொடுத்ததை நான் தினமும் மாலையில் உரக்கப் படித்தேன். "தீக்காயம் பட்டால் உடனே ஓடுகிற குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும்" என்று தொடங்கும். நடுவில் தடுமாறினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை எடுத்துக்கொடுப்பாள்.

"பேஸ்ட்டு பூசக் கூடாதுங்கிறத முழுங்கிட்டியேடி."

அவள் பள்ளிக்கூடத்தை விட்டு ஏழு வருஷமாகியிருந்தது. ஆனாலும் என்னைவிட நன்றாகப் பாடமாக்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பிடிதுணி ஈரமாக இருந்ததா, பானை வழுக்கியதா தெரியவில்லை. கொதிக்கிற கஞ்சி அப்படியே வலது கால் மேல் கொட்டிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் அம்மா கையிலிருந்த கிழங்கைப் போட்டுவிட்டு ஓடினாள். மூன்றாம் காம்பராப் பெரியம்மாவும் வந்துவிட்டார். அப்பா விறகுக்குப் போயிருந்தார்.

அங்கிருந்து அம்மா கத்தினாள். "ஏ புள்ள, அந்த டின்ன எடுத்துக்கிட்டு ஓடியா."

நான் ஓடினேன். அதைச் சொல்லியாக வேண்டும், முதலில் நான் கொடுக்கத்தான் ஓடினேன். கட்டிலுக்கடியில் கையை விட்டு டின்னை இழுத்தேன். சிமெந்துத் தரையில் அது கிரீச்சென்று வந்தது. மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. வெள்ளைத் துணி கசங்காமல் இருந்தது. நடுவில் அட்டைப் பெட்டி எழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நாளைக்குக் கண்காட்சி. இதைப் பிரித்துவிட்டால் மிச்சம் ஒரு பிதுக்கிய குழாயும் கறைபட்ட துணியும்தான். பக்கத்தில் அத்தை அழுதுகொண்டிருப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே மூடியை அழுத்தி மூடினேன். டின்னைத் தள்ளி, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் சுவரோடு சேர்த்து வைத்தேன். வெறுங்கையோடு போனேன்.

அத்தை தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் சிவந்து பளபளத்தது. அம்மா ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டின்னு பள்ளிக்கூடத்துல இருக்கும்மா. வெள்ளிக்கிழமையே டீச்சரு அங்கன வைக்கச் சொல்லிட்டாங்க" என்றேன்.

"நேத்துக்கூட கட்டிலுக்கடியில பாத்த மாதிரி இருக்கே" என்று அம்மா எழுந்தாள்.

அப்போது அத்தை அம்மாவின் சேலையைப் பிடித்தாள். "விடுங்க மதினி. பள்ளிக்கூடத்துல இருக்குன்னு புள்ளதான் சொல்லுதுல்ல" என்றாள். அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மா அதற்குள் தன் காம்பராவுக்குப் போய்ப் பற்பசைக் குழாயோடு திரும்பியிருந்தார். அத்தை காலை இழுத்துக்கொண்டாள். "பேஸ்ட்டு பூசக் கூடாதுன்னு இவ படிச்சாளேக்கா" என்றாள்.

"என்னாடி சொன்னாங்க ஒங்க டீச்சரு?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

எனக்கு எல்லாம் தெரியும். முப்பது படி கீழே பீலியில் மலைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, தூக்கிக்கொண்டு போய்க் காலை அதில் வைத்தால் போதும். ஆனால் ஒன்றைச் சொன்னால் அடுத்தது சுத்தமான துணி, துணி என்றால் டின்னு. "மறந்துபோச்சு பெரியம்மா" என்றேன்.

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு காலை நீட்டிவிட்டாள். பெரியம்மா பற்பசையை வழித்துப் பூசி, கொடியில் கிடந்த ஒரு சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. மாலையெல்லாம் அத்தை முனகியது சுவருக்கு மேலாக வந்துகொண்டிருந்தது. அன்று நான் உரக்கப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை டின்னை உரப்பைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, வீட்டார் எழுந்து நடமாடுவதற்குள் பள்ளிக்குப் போய்விட்டேன். கல்விக் கந்தோர்ப் பெரியவர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார். அட்டைப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சுடுதண்ணி காலில கொட்டினா என்ன செய்வீங்க மகள்?" என்று கேட்டார்.

உலகத்தில் கேட்பதற்கு எத்தனையோ கேள்விகள் இருந்தன. பாம்பு கடித்தால் என்று கேட்டிருக்கலாம், கரண்ட் போனால் என்று கேட்டிருக்கலாம். நான் தடுமாறாமல் சொன்னேன். குளிர்ந்த நீர், இருபது நிமிடம், பற்பசை பூசக் கூடாது, சுத்தமான துணியால் தளர்வாக மூடி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் காது மடல் கொதித்தது. அதுதான் வெட்கம் என்று அப்போது எனக்குப் பெயர் தெரியாது, காய்ச்சல் வருகிறது என்று நினைத்தேன்.

குடை கிடைத்தது, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது. டின் கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் பார்ப்பதற்காக அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நான் சொன்ன பொய், ஒரு நாள் பிந்தி உண்மையாகிவிட்டது.

வீட்டுக்கு வரும்போது நல்ல மழை. புதுக் குடை நனையக் கூடாதென்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பலாக வந்து சேர்ந்தேன். அத்தை எங்கள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். காலையில் டிஸ்பென்சரியில் அந்தத் துணியை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்துவிட்டதாம். யார் பற்பசை பூசச் சொன்னது என்று மருந்து கட்டுகிறவர் சத்தம் போட்டாராம். அம்மா என்னிடம் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அத்தை குடையைப் பார்த்துச் சிரித்தாள். "கொடைய நனைய விடாம நீ நனஞ்சு வந்தியாக்கும்" என்றாள். பிறகு, "என்னோட மருந்தப் பாத்து என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நல்லாருக்குன்னாங்க."

"பிரிச்சுப் பாத்தாங்களா?"

"இல்ல அத்த. அப்புடியேதான் இருக்கு."

"பரவால்ல" என்றாள். "நாளைக்கும் மருந்து கட்டப் போவணும். அந்தக் கொடையத் தா, ஊனிக்கிட்டுப் போறேன்."

அந்தக் குடையை நான் விரித்ததைவிட அவள் ஊன்றியதுதான் அதிகம். ஆறு வாரம் அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. சித்திரைக்கு மாமா வந்தார், நுவரெலியா போகவில்லை. செருப்பின் பட்டை சரியாகக் காயத்தின் மேல் வந்தது. கடைசியில் அதை யாரோ உறவுக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குற்ற உணர்வாக இருந்தது, அதோடு கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. யாருக்கும் தெரியாது, அத்தையே நம்பிவிட்டாள், எனக்காக அம்மாவிடம் பேசவும் செய்தாளே என்று நினைத்துக்கொள்வேன். நல்லவேளை, அத்தை கொஞ்சம் வெகுளி என்றும் நினைத்தேன்.

போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போனபோது அத்தையின் அதே காம்பராவில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் கீழே தனிவீட்டுக்குப் போய்விட்டார்கள், எங்கள் பழைய காம்பராவில் இப்போது வேறு குடும்பம். அத்தை தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சிமெந்துத் தரையில் கிரீச்சென்று இழுபட்டது. ஒரு மூடி திறந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. மூடி அழுந்தி மூடியது. மறுபடியும் கிரீச்சென்று உள்ளே போனது. ஒவ்வொன்றும் என் மடியில் நடக்கிற மாதிரிக் கேட்டது.

"அது பிஸ்கட்டு டின்னு" என்றாள் அத்தை, தலையைத் தூக்காமல். "சின்னது எடுத்துத் தின்னுட்டு வச்சிரும். அவுங்கம்மா வந்து கேட்டா எலின்னு சொல்லும்."

"நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"பச்சப்புள்ள. ஆசப்பட்டு எடுக்குது" என்று தேத்தண்ணீரை என் கையில் கொடுத்தாள்.

நான் குனிந்தேன். அவள் வலது காலின் மேல் தோல் இன்னும் வெளுத்துச் சுருங்கித்தான் இருக்கிறது. அன்று அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தது இந்தச் சுவரில்தான். அம்மா குனிந்து பார்த்துவிடுவாளோ என்று மட்டுமே அன்று பயந்தேன். டின்னை இழுத்ததும் திறந்ததும், திறந்து வைத்துக்கொண்டு நான் யோசித்ததும், மூடியதும், எல்லாவற்றையும் வெந்த காலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் என்பதும் தோன்றவில்லை.