நூற்று முப்பத்தெட்டு

இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுச் சீலிங்கையே அண்ணாந்து பார்த்து வாழ்ந்தவர் அந்தப் பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்ததில் வலது தோளில் தசை கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து நாலு மாதமாகியும் கை தோள்மட்டத்துக்கு மேல் ஏறவில்லை.

"சீலிங்கை மறந்துடலாமா?" என்று கேட்டார். பிசியோதெரபிப் பெண் தீப்பெட்டி அளவில் இரண்டு கருவிகளை எடுத்து, ஒன்றைப் புஜத்திலும் மற்றதை நெஞ்சிலும் கட்டினாள்.

"இப்போ தூக்குங்கண்ணே."

தூக்கினார். "நூத்திப் பத்து டிகிரி இருக்குமாம்மா?"

"எண்பத்தி நாலு. மிச்சம் உங்க இடுப்பு தூக்கினது."

பெயின்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏணியை நகர்த்தச் சோம்பி, சாய்ந்தே எட்டிப் பழகிய உடம்பு. சட்டைக்குள் நடந்த திருட்டுத்தனத்தைத் தீப்பெட்டி பிடித்துவிட்டது.

மூன்று நாள் வீட்டிலும் கட்டியிருக்கச் சொன்னாள். "பேட்டரி போட்ட புருஷன்" என்று மனைவி சிரித்தாள்.

நாலாம் நாள் கிளினிக்கின் கம்ப்யூட்டர் திரையில் மூன்று நாளும் ஒரே கோடாக ஓடின. தரையோடு தவழ்ந்த கோடு ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாக எழுந்து நின்றது. இரண்டாம் நாள், காலை பதினொன்று பத்து. நூற்று முப்பத்தெட்டு டிகிரி.

"அது நான் இல்ல" என்றவர் கூட வந்திருந்த மனைவியிடம் திரும்பினார். "நீ எடுத்துக் கட்டிப் பார்த்தியா?"

"ஆமா, எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க! சமையலறைச் சீலிங்ல கொத்தனார் பட்டி பூசிட்டுப் போனாரே, 'இது பட்டியா, எருமைத் தோலா'ன்னு திட்டிக்கிட்டே ஸ்டூல்ல ஏறித் தடவினது யாரு?"

பெயின்டுக்கு முன் பூசும் பட்டியைக் கண்ணால் பார்த்துப் பயனில்லை. மேடு பள்ளம் உள்ளங்கைக்குத்தான் தெரியும். திட்டியது அவருக்கு நினைவிருந்தது, கை போனது நினைவில்லை. வலித்ததா என்பதும்.

"இடுப்பு சாயலையாம்மா?" குரல் இறங்கியிருந்தது.

"நெஞ்சுல கட்டினது அசையவே இல்லண்ணே. முழுக்க முழுக்கத் தோள்தான்."

அந்தச் சிகரத்தை விரலால் மெல்லத் தொட்டார், ஈரப் பெயின்டைத் தொடுகிற மாதிரி.

பிறகு வழக்கம்போல் அண்ணாந்தார். "ட்யூப் லைட் பக்கத்துல பாருங்க, ரோலர் தடம் அப்படியே இருக்கு. யாரு அடிச்சது இதை?"

தீப்பெட்டி இன்னும் கழற்றாத வலது கை அந்தத் தடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. திரையில் எண்கள் ஏறின. தொண்ணூறு, நூற்றுப் பன்னிரண்டு, நூற்று முப்பது. இரண்டு பெண்களும் மூச்சுவிடவில்லை. அவர் மட்டும் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.