அக்கா பார்த்து எடுத்த மிஷின்

எங்கள் டயர் கடைக்கும் பக்கத்துக் கார் கழுவும் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தக் கழுவும் கடையை ஒரு அக்காவும் தம்பியுமாக நடத்தினார்கள், பேருக்கு முதலாளி தம்பி. ஆனால் எல்லோரும் அக்கா கடை என்றுதான் சொல்வார்கள். எழுபது வயதுப் பெரியவர்கூட வண்டியை உள்ளே விட்டதும், "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். ஐம்பத்தாறு வயது அக்கா உள்ளேயிருந்து, "நான் உங்களுக்குத் தங்கச்சி முறைங்க, ஏன் வயசைக் கூட்டுறீங்க" என்று குரல் கொடுப்பாள்.

அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்கு எட்டு. வாளியும் துணியுமாக அடுக்குமாடி வீடுகளுக்குக் கார் துடைக்கப் போனாள். அதில்தான் அவனை ஆளாக்கினாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, தம்பியும் கேட்டதில்லை. அவன் தலையெடுத்த பிறகு இருவரும் சேர்ந்து இந்தக் கடையைப் போட்டார்கள்.

கழுவும்போதே வண்டிக்காரர் வீட்டுக் கதை அவளுக்குத் தெரிந்துவிடும். "பின் சீட்டெல்லாம் பிஸ்கட் தூளா இருக்கே, பேரன் வந்திருக்கானா?" என்பாள். அவ்வளவுதான். காத்திருக்கும் ஆள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்துவிடுவார். காரில் தலையணையும் போர்வையும் கிடந்து, ஆள் அதிலேயே படுக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுப்பாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் சோப்புத் தண்ணீரில் கிடந்த கை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, நகம் தூக்கிக்கொண்டு நின்றது. கையுறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் எரிந்தது. ஒருநாள் மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாமல் அவள் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததைத் தம்பி பார்த்துவிட்டான். அன்று மதியம் என் கடைக்கு வந்தவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, இனிமே அக்கா கை தண்ணியில படக் கூடாது. தானா கழுவுற மிஷின் போடப்போறேன்."

மிஷினில் இரண்டு வகை இருந்தது. ஒன்று பெரிய பிரஷ் சுழன்று தேய்ப்பது. இன்னொன்று காரைத் தொடாமலே நுரையும் தண்ணீரும் பீச்சிக் கழுவுவது. "பிரஷ் வேண்டாம்டா. ஒரு வண்டி மண்ணு அதுல ஒட்டி அடுத்த வண்டியைக் கீறும். கறுப்புக் கார்க்காரங்க நம்மளைச் சும்மா விடமாட்டாங்க" என்று அக்கா முதல் பேச்சிலேயே முடித்துவிட்டாள்.

தொடாத மிஷின் பார்க்க மூவரும் போனோம். முதல் கம்பெனியில் பளபளவென்று ஒரு காரை நிறுத்திக் கழுவிக் காட்டினார்கள். "இது காலையிலயே குளிச்சிட்டு வந்த வண்டி. எங்க வண்டியைக் கழுவுங்க பாப்போம்" என்றாள் அக்கா. மூன்று நாள் சேறு காய்ந்த என் பழைய வேனைத்தான் எடுத்துப் போயிருந்தோம், அவள் சொல்லித்தான். கழுவி வெளியே வந்ததும் வெள்ளைத் துணியால் கதவை ஒரு இழு இழுத்தாள். துணி சாம்பல் நிறமானது. விற்க வந்தவர் ஏதோ சொல்ல ஆரம்பிக்க, அவள் துணியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தாள்.

இரண்டாவது இடத்து மிஷின் இரண்டு தடவை நுரை போட்டது. ஒவ்வொரு தடவையும் வேறொரு சோப்பு மருந்து. துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் விடவில்லை. எங்கள் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுமே என்றாள். தண்ணீரை மென்மையாக்கும் தொட்டியும் சேர்த்து வைக்க வேண்டும் என்றார்கள். ரிப்பேரானால் ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் என்று கேட்டு எழுதி வாங்கினாள். மேலே ஏணி கட்டிய வேன் நுழையுமா என்று தானே டேப் பிடித்து அளந்தாள். திரும்பி வரும்போது தம்பி, "அக்கா இல்லன்னா அந்த மொத ஆளு என் தலையில கட்டியிருப்பான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

திறப்பன்று பட்டனை அவள்தான் அழுத்தினாள். மிஷினின் கை காரைச் சுற்றி வந்து நுரை தூவியபோது குழந்தை மாதிரி கைதட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அங்கே வேலையில்லை. வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்து, "வண்டியை நேரா நிறுத்தச் சொல்லுக்கா, போதும்" என்றான் தம்பி. அதற்கும் மிஷினில் விளக்கு இருந்தது. சிவப்பு எரிந்தால் வண்டிக்காரர்கள் நிறுத்தினார்கள், பச்சை எரிந்தால் போனார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கையை ஆட்டுவாள். அவர்கள் விளக்கைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் வெளியே வந்த ஒரு காரின் பின்பக்கம் கொஞ்சம் ஈரம் நின்றது. அக்கா துணியோடு ஓடிப்போய்த் துடைத்தாள்.

"அக்கா, தொடாதே!" தம்பி கத்திவிட்டான். "கை படாத சுத்தம்னு போர்டு வச்சிருக்கோம், நீ போய் அழுக்குத் துணியை வச்சுத் தேய்ச்சா என்ன நெனப்பாங்க?"

கார்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா துணியை மடித்து நாற்காலியில் வைத்தாள். "சரிடா" என்றாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்றாள். அதற்கு மறுநாளும் அதே பதில். பிறகு கடைப் பக்கமே வரவில்லை, பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைத்தோம். ஒரு மாதம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பதறிப்போய் ஓடினோம். பின்பக்கக் கொட்டகையில் அக்கா ஆம்புலன்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டிரைவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து தன் மகள் பரீட்சையில் தோற்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது? என் மேல கோவமா?"

"கோவம் என்னடா கோவம். மிஷின் நல்ல மிஷின். நான்தானே பாத்து எடுத்தேன்."

"அப்ப வாக்கா, வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்குத்தான் தெனம் வர்றேனே. கடைக்குக் கூப்பிடுறியா? வந்து என்ன பண்ண, சொல்லு?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள். தம்பி என்னைப் பார்த்தான், நான் ஆம்புலன்ஸ் பக்கம் பார்த்தேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, "டீ குடிச்சிட்டுப் போங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஏழு மாதம் அங்கே வேலை பார்த்தாள். அந்தக் கொட்டகையிலேயே ஒருநாள் சரிந்து விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் அடைத்து, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாலு மாதம் படுக்கையில் இருந்தாள். தம்பிதான் குளிப்பாட்டினான், தலை வாரினான், ஊட்டினான். தண்ணீர் படாமல் கிடந்ததில் கை ஆறி, புதுத் தோல் வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

"அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்திட்டேனே. மன்னிச்சிட்டியா?" என்று தினமும் கேட்டான். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு தடவை தலை லேசாக அசைந்தது. ஆமாம் என்றுதான் சொன்னாள் என்றான் என்னிடம். நானும் ஆமாம் என்றேன். பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அது எதற்கு அசைந்ததென்று எனக்குத் தெரியாது.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. தம்பி மதியம் என் கடைக்கு வந்து உட்காருகிறான். பக்கத்தில் மிஷின் தானே கழுவிக்கொண்டிருக்கிறது, அவனுக்கும் அங்கே வேலையில்லை. பஞ்சர் ஒட்ட யாராவது வந்தால் எழுந்து தள்ளி நின்று இடம் விடுகிறான். அவர்கள் போனதும் மறுபடி உட்காருகிறான்.