காந்தப் பட்டையில் சந்தனம்

என் அண்ணன் எடுக்கும் காவடியின் சட்டம் அலுமினியத்தால் ஆனது. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்தில், அவனும் அவன் நண்பர்களும் நானுமாகச் சேர்ந்து பூட்டியது. தோளில் உட்காரும் வளைவு, இடுப்பைச் சுற்றும் பட்டி, மயிலிறகைத் தாங்கும் மேல்தட்டு, எல்லாம் போல்ட்டும் நட்டும்தான். பார்க்கிறவர்களுக்கு மயிலிறகு தெரியும், முருகன் தெரிவார். எனக்கு போல்ட் தெரியும். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆபீஸில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குக் கையில் திருக ஏதாவது வேண்டியிருக்கிறது.

போன வருஷத் தைப்பூசத்தில், பத்துமலைக்கு நடக்கும் வழியில், வலது தோள் பக்கத்து போல்ட் தளர்ந்துவிட்டது. அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நட்டின் தலையில் தொப்பி மாதிரி உட்காரும் சின்ன இரும்புக் குழல் ஒன்று இருக்கும், சாக்கெட் என்போம். சரியான அளவு சாக்கெட்டை மாட்டி நன்றாக ஒரு முறுக்கு முறுக்கினால் முடிந்தது. ஆனால் எங்களுக்கு வேண்டிய பத்து மில்லிமீட்டர் சாக்கெட் டூல்பாக்ஸின் அடியில் எங்கேயோ கிடந்தது. நண்பர்கள் சாலையோரத்தில் பெட்டியையே கவிழ்த்தார்கள். ஒருவன் பத்து கேட்க, இன்னொருவன் பன்னிரண்டை நீட்ட, மூன்றாமவன் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தான். அதுவரை அண்ணன் சாய்ந்த சட்டத்தைத் தாங்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். சட்டத்தின் விளிம்பு கழுத்தோரம் பதிந்து தோல் சிவந்தது. நேர் எதிரே அம்மா நின்று அதைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபின் அம்மா கோபப்படவில்லை. அவனுடைய கழுத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னார்:

"அடுத்த வருஷமும் நீ எடு. அது உன் நேர்த்திக்கடன். ஆனா நான் வந்து பாக்க மாட்டேன்."

அண்ணன் சரி என்று தலையாட்டினான். அவனுக்கு அது சரியில்லை என்பது எனக்குத் தெரியும். காவடி எடுத்து நடக்கும்போது அம்மா நாலு அடி முன்னால், அவன் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடப்பார். அம்மா முன்னால் போனால் தூரம் தெரியாது என்று ஒரு தடவை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். அதை அம்மாவிடம் மட்டும் சொல்ல மாட்டான்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவைப் பயமுறுத்தியது காவடி இல்லை, டூல்பாக்ஸ். டூல்பாக்ஸைச் சரி செய்தால் அம்மா வருவார். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அதை முழுசாக நம்பினேன்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் ஆபீஸுக்கு தினமும் கோமுட்டர் ரயிலில்தான் போகிறேன். அந்தப் பயணம் முழுக்க போனில் சாக்கெட் அடுக்கும் பட்டைகளாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை வகை என்கிறீர்கள். கிளிப் வைத்த பிளாஸ்டிக் பட்டை மலிவு. ஆனால் சாக்கெட்டைப் பிடுங்க இரண்டு கை வேண்டும், காவடிப் பக்கத்தில் ஒரு கை எப்போதும் சட்டத்தைப் பிடித்திருக்கும். நுரைப் பஞ்சில் குழி வெட்டிய தட்டு பார்க்க அழகு. காவடி ஏற்றும் ஆற்றங்கரை ஈரத்தில் வைத்தால் ஊறிப் போகும். காந்தம் பதித்த பெரிய தட்டு ஒன்றைப் பார்த்து ஆசையாக இருந்தது, எங்கள் சாக்கெட் செட்டை விட அது விலை அதிகம். அதைவிட, எங்கள் பெட்டிக்குள் அது போகாது.

கடைசியில் ஒன்று தெளிவானது. நீளமான காந்தப் பட்டை வேண்டும். அடியிலும் காந்தம் இருந்தால் இரும்புப் பெட்டிக்குள் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கையால் எடுக்கலாம், ஒரு கையால் வைக்கலாம். இணையத்தில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கிப் பார்த்தேன். குட்டி சாக்கெட்டுகள் நின்றன. நீள சாக்கெட்டை மாட்டி லேசாக ஆட்டினேன், கழன்று என் கால் விரலில் விழுந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. காந்தத்தைப் படத்தில் பார்த்து வாங்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் சாக்கெட்டுகள் எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிள்ளானில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் முதலில் நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். காவடிக்கு என்றதும் முகம் மாறியது. மூன்று பட்டை உள்ள ஒரு பாக்கெட்டைப் பிரித்தே கொடுத்தார். பேர் இல்லாத சரக்கு. ஒவ்வொரு இடத்திலும் அளவு எண் அச்சிட்டிருந்தது. எல்லா சாக்கெட்டையும் மாட்டிப் பட்டையைத் தலைகீழாகப் பிடித்தேன். ஆட்டினேன். இன்னும் வேகமாக ஆட்டினேன்.

"போதும்லா, தங்கச்சி. காவடிதானே ஆடும், பெட்டியுமா ஆடும்?"

ஒன்றும் விழவில்லை. விலையும் என் கைக்கு அடங்கியது. மூன்றையும் வாங்கினேன். வீட்டு வாசலில் சாவிக்காகப் பைக்குள் கையை விட்டபோது பட்டைதான் வந்தது. சாவி, என் ஹேர்பின்கள், எப்போதோ தொலைந்துபோன ஊக்குகள் எல்லாம் அதில் வரிசையாகத் தொங்கின.

சமையலறையிலேயே அம்மாவுக்குச் செய்து காட்டினேன். இரண்டு பட்டைகளில் சாக்கெட்டுகளை அளவுப்படி மாட்டி, பெட்டிக்குள் ஒட்டவைத்து, திறந்த பெட்டியை அப்படியே கவிழ்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இனிமேல் தேடுவது என்ற பேச்சே இல்லை என்று விளக்கினேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு. உன் அலமாரிய இப்படி ஒரு நாள் அடுக்கேன்."

"அப்ப வரீங்களாமா?"

"வர மாட்டேன்னு சொன்னேன்ல."

அவ்வளவுதான். மீதமிருந்த மூன்றாவது பட்டையை மட்டும் கேட்டு வாங்கி, இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, தன் ஊக்குகளை அதில் மாட்டிக்கொண்டார். என் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. டூல்பாக்ஸ் சரியாகிவிட்டது. அம்மா மாறவில்லை.

தைப்பூசத்தன்று விடிந்ததும் நண்பர்களின் வேனில் கிளம்பினோம். அம்மா எங்களுக்குக் காப்பி கலக்கித் தந்தார், அண்ணன் நெற்றியில் திருநீறு பூசினார், கதவைச் சாத்திக்கொண்டார். பத்துமலை ஆற்றங்கரையில் அவன் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி நின்றான். உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். சட்டத்தை ஏற்றும் நேரம். நான் பெட்டியைத் திறந்தேன்.

சாக்கெட்டுகள் ஒவ்வொன்றிலும் சந்தனம் இட்டு, அதன் மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. பெட்டியில் மஞ்சள் தண்ணீர் வாசம். சாக்கெட்டுகளில் பொறித்த அளவு எண்கள் எல்லாம் சந்தனத்தில் மூடிப்போயிருந்தன. வரிசையும் என் வரிசை இல்லை. உயரமானவை நடுவிலும் குட்டையானவை இரண்டு பக்கமுமாக, குடும்பப் படத்துக்கு நிறுத்தி வைத்தது போல இருந்தது. பட்டையில் அச்சிட்ட எண்ணுக்கும் அதில் நின்ற சாக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நண்பன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "இது டூல்பாக்ஸா, சாமி மேடையா?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும், அளவு தெரியவில்லை, இதற்காகவா இத்தனை நாள். பத்தைத் தேடி ஒவ்வொன்றாகக் கழற்றியபோது கோபம் நகர்ந்தது. விரத நாட்களில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்கூட அம்மா வந்ததில்லை. எண்ணெயும் தூசியுமாக ஒரு குவியல், அதைத் தொட்ட கையோடு யார் விளக்கேற்றுவார்கள்? இப்போது எல்லாம் வரிசையாக நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவலாம், துடைக்கலாம், பொட்டு வைக்கலாம், வைத்த இடத்தில் நிற்கும். நான் தேடாமல் எடுப்பதற்காகத்தான் அடுக்கினேன். அம்மாவுக்கு அது தொட முடிகிற ஒன்றாக ஆகியிருந்தது.

மோட்டார் சைக்கிள் சங்கிலி பூட்டும்போது அழுக்குத் துணியில் துடைக்கிற மாதிரி இதைத் துடைக்க மனம் வரவில்லை. பத்தாக இருக்கும் என்று பட்டதை எடுத்துக் கட்டைவிரலால் ஓர் ஓரம் மட்டும் தேய்த்தேன். பத்துதான். போல்ட்டுகளை வரிசையாக முறுக்கினேன். அண்ணன் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தான்.

"யாரு பொட்டு வெச்சது?"

"நம்ம வீட்ல வேற யாரு வெப்பா?"

சாக்கெட் இருந்த என் கையில் அவன் கண் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி மூடிக்கொண்டான்.

இந்த வருஷம் பாதி வழியில் நிறுத்தி எல்லா போல்ட்டையும் ஒரு முறை சோதிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பெரிய சாலையிலிருந்து கோயில் பக்கம் திரும்பும் இடத்தில் சட்டத்தை நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தேன். வலது தோள் போல்ட்தான் கொஞ்சம் அசைந்தது. பத்தை எடுக்கப் போன என் கைக்கு முன்னால் ஒரு கை பெட்டிக்குள் நுழைந்தது. கண்ணாடி வளையல், மஞ்சள் சேலை முந்தானை.

"எது வேணும்?" என்றார் அம்மா. முகமெல்லாம் வேர்வை. ரயிலில் கிள்ளானிலிருந்து நின்றுகொண்டே வந்ததாக அப்புறம் தெரிந்தது.

"பத்துமா."

நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி என் கையில் வைத்தார். மாட்டிப் பார்த்தேன், நட்டில் நிற்காமல் லொடலொடத்தது.

"இது பெருசு."

வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்ததைக் கொடுத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. கால் முறுக்குதான் தேவைப்பட்டது. தோளுக்கு அடியில் விரலை விட்டு, சட்டம் எங்கேயும் அழுத்தவில்லை என்று அம்மா தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரல் கேட்டு அண்ணன் கண்ணைத் திறந்திருந்தான்.

"நட," என்றார் அவனிடம்.

நாலு அடி முன்னால் போய், திரும்பிப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். நான் பத்தைத் திரும்ப மாட்டிப் பெட்டியை மூடப் போனபோது பட்டையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பெருசு என்று நான் சொன்ன சாக்கெட் அம்மாவின் கையிலேயே இருந்தது. மூடிய கைக்குள் அதை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் ஓடிப்போய் வாங்கி அதன் இடத்தில் மாட்டியிருப்பேன். பெட்டியை அப்படியே பூட்டித் தூக்கிக்கொண்டு, அண்ணனுக்குப் பின்னால் நடந்தேன்.