நாப்பது பேரைச் சாகப் பழக்கின கதை

மற்றாக்களுக்குச் சாவு ஒருக்காத்தான் வரும். சாகப் பழக்கிற தொழில் செய்யிறவனுக்கு அது ஒரு நாளைக்கு எட்டுத் தரம் வரும், அதுவும் உச்சி வெயிலுக்குள்ள. படப்பிடிப்பு எண்டு போய், முகத்தில மாப் பூசிக்கொண்டு, எப்ப கூப்பிடுவினம் எண்டு தெரியாமல் வேலி நிழலில குந்தியிருந்த ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, நான் பட்ட பாடு விளங்கும். மற்றாக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

ஆள் பிடிச்ச விதம்

நான் முல்லைத்தீவுக் கரையில கடற்றொழில் செய்யிறவன். மாதா கோயில் பெருநாளுக்குப் போடுற கூத்தில இருபத்தைஞ்சு வருஷமாச் சேனாதிபதி வேஷம் எனக்குத்தான். அந்தச் சேனாதிபதி கடைசியில வாள் வெட்டுப்பட்டுச் சாகோணும். நான் சாகிறதைப் பாக்கவே பக்கத்து ஊருகளில இருந்து சனம் வரும். பெருமைக்குச் சொல்லேல்லை, போய்க் கேட்டுப் பாருங்கோ.

ஒரு நாள் காலமை முத்தத்தில இருந்து கிழிஞ்ச வலை பொத்தேக்க, நிரோஷன் எண்டு ஒரு தம்பி வவுனியாவில இருந்து வந்தார். வன்னியை ஆண்ட ஒரு சிற்றரசன் வெள்ளைக்காரனோட பொருதின சண்டையைப் படமா எடுக்கப் போறாராம். "இப்பத்தையச் சண்டையை எடுத்தா ஆயிரம் கேள்வி வரும், அரசர் காலத்துச் சண்டையெண்டா ஒருத்தரும் கேக்கமாட்டினம்" எண்டார். சண்டை பிடிக்க வன்னிச் சனம் நாப்பது பேர் இருக்கினமாம், ஒருத்தருக்கும் சாகத் தெரியாதாம், நான்தான் பழக்கோணுமாம். நான் யோசிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் கடலைப் பாத்தன். குசினிக்குள்ள நிண்ட என்ர மனிசி எட்டிப் பாத்துச் சொன்னா: "கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி. வீட்டில ஒரு வேலை சொன்னா உடன செத்த ஆள் மாதிரித்தான் கிடப்பார், நல்ல பழக்கம்."

உரச் சாக்குக் கவசம்

படம் பிடிச்சது கண்டாவளையில, அறுவடை முடிஞ்ச ஒரு பெரிய வயலில. வயல்காரர் முதலே சொல்லிப்போட்டார், திங்கக்கிழமை குளத்துத் தண்ணி திறப்பினம், அதோட வயல் சேறு எண்டு. நாங்கள் போய் இறங்கினது வியாழக்கிழமை. ஞாயிறு பொழுதுபடுறதுக்குள்ள சண்டை முடியோணும். முடியாட்டி வெளியில இருந்து பழகின ஆக்களைக் கொண்டுவந்து வேற இடத்தில எடுப்பன், நீங்கள் எல்லாரும் வீட்டை போகவேண்டியதுதான் எண்டு நிரோஷன் சொன்னார். எங்கட மண்ணின்ர சண்டையில வேற ஆக்கள் வந்து சாகிறதோ எண்டு எனக்கு விசர் வந்தது.

கவசம் எல்லாம் உரச் சாக்கில தைச்சு, மேல வெள்ளிப் பூச்சு அடிச்சது. தூரத்தில பாத்தா இரும்புதான். மத்தியானம் வேர்வை பட்டுப் பூச்சுக் கழண்டு, ஆறேழு வீரரின்ர நெஞ்சில 'யூரியா' எண்டு தெரியத் தொடங்கிச்சுது. நிரோஷன் தலையில கை வைச்சுக்கொண்டு நிண்டார். படைத் தலைவனா நடிச்சவர் மாங்குளத்தில கடை வைச்சிருக்கிற இராசன். அவர் தன்ர நெஞ்சைக் குனிஞ்சு பாத்திட்டுச் சொன்னார்: "எதிரி பயப்பிடுறானோ இல்லையோ தம்பி, நாங்கள் விழுற இடத்தில நெல்லு நல்லா விளையும்."

பீரங்கிச் சத்தம்

வெள்ளைக்காரன்ர பீரங்கிச் சத்தத்தை ஸ்பீக்கரில போடுறதாத் திட்டம். நாப்பது பேருக்கும் நான் வடிவாச் சொல்லிக் குடுத்தனான்: சத்தம் கேட்டதும் பத்துப் பேர் மல்லாக்க விழோணும், மிச்சாக்கள் வாளை உயத்திக்கொண்டு முன்னுக்கு ஓடோணும். சத்தம் போட்டினம். நாப்பது பேரும் ஒரே நேரத்தில குப்புறப் படுத்திட்டினம். வாயைத் திறந்து, காதுக்குள்ள விரலை விட்டு, முழங்கையை நிலத்தில முண்டு குடுத்து, செல்லடிக்குப் படுத்துப் பழகின சனம், ஒரு பிழை சொல்லேலாது. வெள்ளைக்காரனா நடிச்ச ஆக்களும் படுத்திட்டினம். அவையின்ர பீரங்கிதான், எண்டாலும் படுத்திட்டினம்.

பழக்க வந்த நானும் படுத்துத்தான் கிடந்தனான், அதை ஒளிக்கக் கூடாது. அந்த வயலில நிண்டது நிரோஷனும் கொழும்பில இருந்து வந்த கமராக்காரரும் மட்டும்தான். எனக்குப் பக்கத்தில கிடந்த ஒரு வயசான மனிசர் தலையைத் தூக்காமலே நிரோஷனுக்குச் சொன்னார்: "தம்பி, நீங்களும் படுங்கோ. நிக்கிறது ஆபத்து."

பாக்கியம் அக்கா செய்த பிழை

அதுக்குப் பிறகு ஸ்பீக்கரைக் கட்டி வைச்சிட்டு, நான் கொண்டுபோன மத்தளத்தை அடிச்சுத்தான் சண்டை நடந்தது. ரெண்டு நாளில எல்லாரும் வடிவா விழப் பழகியிட்டினம். விழுந்தாப் பிறகுதான் பிரச்சினை. விழுந்தவரைத் தாண்டிப் படை முன்னுக்கு ஓடோணும், எங்கட படை தாண்டேல்லை. பக்கத்தில ஆர் விழுந்தாலும் நிண்டு, கக்கத்துக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கிக்கொண்டுதான் ஓடினவை. அதில முதல் ஆள் கனகராயன்குளத்துப் பாக்கியம் அக்கா. அரசியின்ர காவல்படையில நடிச்சவா. இராசன் விழ விழ அவா தூக்கினா. இராசன் நல்ல கனமான மனிசன், எண்டாலும் தூக்கினா. ஞாயிறு காலமை ஐஞ்சு தரம் எடுத்து ஐஞ்சும் பழுதாப் போச்சு.

நிரோஷன் தொப்பியைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் போய் இருந்திட்டார். நான் அக்காவைத் தனியக் கூப்பிட்டு, "இது சும்மா நடிப்புத்தானே அக்கா, தாண்டி ஓடுங்கோவன்" எண்டன். அவா கவசத்தின்ர கயித்தை அவிழ்த்துக்கொண்டு நிண்டா. வன்னியில நடந்த கடைசி யுத்த நேரம் ரெண்டு சின்னப் பிள்ளையளோட ஓடேக்க அவாவைக் கட்டின மனிசன் காயம் பட்டு றோட்டுக் கரையில விழுந்தவர். பிள்ளையளைக் காப்பாத்த அவரை அப்பிடியே விட்டிட்டு வந்தவா. அங்க நிண்ட எல்லாருக்கும் அது தெரியும், எனக்கு அப்ப அவா சொல்லித்தான் தெரிஞ்சது. அவா சொன்னா: "ஒருக்கா விட்டிட்டு ஓடினனான் அண்ணை. திரும்பவும் என்னை அதைச் செய்யச் சொல்லாதேங்கோ."

வரம்பில இருந்த படை

அதைக் கேட்டாப் பிறகு ஆரை என்னெண்டு பழக்கிறது. மத்தளத்துக்கு மேல கையை வைச்சுக்கொண்டு இருந்தன். அப்பத்தான் எங்கட கூத்து ஞாபகம் வந்தது. கூத்தில செத்தவன் மேடையில கிடக்கமாட்டான். விழுந்து, எழும்பி, ஒரு சுத்துச் சுத்தி, சபைக்குக் கும்பிட்டிட்டு ஆட்டத்தோட வெளியில போவான். அவன் செத்திட்டான் எண்டு சனமும் ஒத்துக்கொள்ளும். நிரோஷனிட்டைப் போய்ச் சொன்னன்: தாண்ட வேண்டாம், தூக்கட்டும், எழும்பினவர் ஒரு சுத்து ஆடிப் போய் வரம்பில இருக்கட்டும். "இது சினிமா அண்ணை, கூத்தில்லை" எண்டு பாய்ஞ்சார். "நாளைக்குத் தண்ணி வருகுது தம்பி" எண்டன். ஆள் தொப்பியைத் தேடி எடுத்தார்.

மூண்டு மணி வெயிலில மத்தளத்தை அடிச்சன். இராசன் விழுந்தார். பாக்கியம் அக்கா கையைக் குடுத்தா. அவர் அந்தக் கையைப் பிடிச்சு எழும்பி, ஒரு சுத்துச் சுத்தி, கும்பிட்டிட்டு நடந்துபோய் வரம்பில இருந்தார். பிறகு ஒவ்வொருத்தரா விழுந்து ஒவ்வொருத்தரா எழும்பினவை. பொழுது சாயேக்க வயலுக்குள்ள ஒருத்தரும் இல்லை. வரம்பு முழுக்கப் படை, வெள்ளைக்காரனும் எங்கட ஆளும் தோளோட தோள் முட்டிக்கொண்டு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இருபத்தைஞ்சு வருஷம் நான் செத்த சாவெல்லாம் இதுக்குத்தான் எண்டு பட்டுது. நிரோஷன் கமராவில இருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாக் கேட்டார்: "சூசை அண்ணை, இதை நான்தான் யோசிச்சனான் எண்டு வெளியில சொல்லட்டோ?"

வவுனியாவில எழும்பின மனிசர்

படத்தை முதல் வவுனியாவில போட்டினம். முடிய ஒரு மனிசர் எழும்பி, சண்டையை ஆட்டமாக்கி வடிவு காட்டிப்போட்டியள், வலி தெரியேல்லை எண்டார். வேற நேரமெண்டா நான் வாயைக் குடுத்திருப்பன். அண்டைக்கு ஏலாமல் போச்சு, ஏனெண்டா எனக்கும் உள்ளுக்குள்ள அந்தப் பயம்தான். அடுத்தது கிளிநொச்சி. பாக்கியம் அக்கா அங்க வருவா. என்ர கவலையை வைச்சு ஆடினனீங்களோ எண்டு அவா கேட்டா, நான் எந்த முகத்தோட நிக்கிறது.

பக்கத்தில இருந்த இராசனிட்டை இதைச் சொன்னன். ஆள் பகிடிக்காரன், சிரிப்பார் எண்டுதான் நினைச்சன். சிரிக்கேல்லை. தன்ர தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவா என்னை எப்பிடிப் பிடிச்சுத் தூக்கினவா எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. அதில ஆட்டம் இல்லை."

கிளிநொச்சி மண்டபம்

கிளிநொச்சியில கதிரை காணாமல் சனம் சுவரோரம் நிண்டுது. "அந்தா எங்கட மாமா", "அப்பா திரும்பவும் செத்திட்டார்" எண்டு தொடக்கத்திலயே ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரம் போக ஒண்டைக் கவனிச்சன். ஆள் விழேக்க மண்டபம் மூச்சுக் காட்டாமல் இருக்குது, எழும்பேக்க கை தட்டுது. நல்லாச் செத்ததுக்குக் கை தட்டு வாங்கினவன் நான். எழும்பினதுக்குத் தட்டுறதை அண்டைக்குத்தான் கண்டனான். பாக்கியம் அக்கா முன் வரிசையில, வளந்த ரெண்டு பிள்ளையளுக்கும் நடுவில இருந்தவா. மகன் இப்ப அவாவை விட உயரம். இராசன் விழுந்து எழும்புற இடம் வந்தது. எல்லாரும் தட்டினவை, அவா தட்டேல்லை.

படம் முடிஞ்சு லைட் போட்டதும் அவா நேர நிரோஷனிட்டைப் போனா. ஏச்சு விழுந்தா எனக்கும் பங்கு விழட்டும் எண்டு நானும் பின்னால போனன். அவா குரலை உயத்தேல்லை. பிள்ளையள் ரெண்டு பேரின்ர கையையும் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "நான் கை குடுக்கிற இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ தம்பி. அப்ப இதுகள் சின்னன், இப்ப வடிவாப் பாக்கட்டும்."

இன்னொருக்காப் போட்டவை. நாப்பது பேரைச் சாகப் பழக்கவெண்டு போய் ஒருத்தரைக்கூட ஒழுங்காச் சாக வைக்காமல் வந்த மாஸ்டர் வன்னியில நான் ஒருத்தன்தான், அதை ஆரிட்டையும் தலை நிமிந்து சொல்லுவன்.